கான்சாஸ் செய்த சிக்கனம்

அமெரிக்க தேசத்தின் பூகோளப் படத்தை விரித்து, அதன் நட்டநடுவில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னால், அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில்தான் விழும். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்களும், மேற்கே மாட்டுப் பண்ணைகளும், விசிட்டா நகரத்தில் ஆகாய விமானத் தொழிற்சாலைகளும் கொண்ட, முப்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஜனத்தொகையுள்ள இந்த மாநிலத்தைப் பற்றி வெளியுலகம் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் 2012-க்குப் பிறகு, ஒரு சர்க்கார் தன் வரவைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் செலவை வெட்டினால், அந்தப் பிரதேசத்தின் தொழிலும் செல்வமும் வளருமா, தேயுமா என்ற விவாதம் அமெரிக்காவில் எங்கே எழுந்தாலும், முதலில் அடிபடுவது கான்சாஸின் பெயர்தான். பொருளாதார விஷயங்களில் கண்ணெதிரே பரிசோதனை நடத்திப் பார்க்கும் வாய்ப்பு சாமானியமாகக் கிடைப்பதில்லை. கான்சாஸிலோ, அதை நடத்தியவரே இது ஒரு பரிசோதனை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

அவர் சாம் பிரவுன்பேக். வாஷிங்டனில் செனட்டராகப் பல வருஷங்கள் இருந்துவிட்டு, 2011 ஜனவரியில் கான்சாஸின் கவர்னரானவர், குடியரசுக் கட்சிக்காரர். வரி விகிதத்தைக் குறைத்தால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் விட்டுக்கொடுத்த வருமானத்தில் பெரும்பகுதி வேறு வழியாகத் திரும்பி வந்து சேரும் என்ற சித்தாந்தத்தை ரீகன் காலத்திலிருந்து பிரசாரம் செய்துவந்த ஆர்தர் லாஃபர் என்ற பொருளாதார நிபுணரையே அவர் ஆலோசகராக வரவழைத்துக்கொண்டார். 2012 மே மாதம் கையெழுத்தான சட்டம், வருமான வரியின் உச்ச விகிதத்தை 6.45 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக இறக்கியது. அதைவிட முக்கியமாக, கம்பெனி வரி செலுத்தும் பெரிய ஸ்தாபனங்கள் நீங்கலாக, சிறு முதலாளிகள், கூட்டு வியாபாரிகள், விவசாயிகள் ஆகியோர் தங்கள் தொழிலிலிருந்து அடையும் லாபத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது என்று விதித்தது. ஓர் ஓட்டலில் தட்டு எடுத்து வைக்கும் சிப்பந்தி தன் சம்பளத்துக்கு வரி கட்ட வேண்டும். அந்த ஓட்டலின் சொந்தக்காரர் தம் லாபத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. இதனால் முதலாளி மிச்சமாகும் பணத்தில் இன்னொரு சிப்பந்தியை வேலைக்கு வைத்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு.

இந்தச் சட்டம் நிறைவேறிய விதமும் சுவாரசியமானது. கவர்னர் முதலில் கொடுத்த திட்டத்தில், வரி விகிதங்களைக் குறைப்பதோடு, பழைய சலுகைகள் பலவற்றை ரத்துச் செய்து நஷ்டத்தை ஓரளவு ஈடுகட்டும் ஏற்பாடும் இருந்தது. சலுகைகளுக்கு உரியவர்கள் சும்மா இருப்பார்களா? ஈடுகட்டும் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. குறைப்பு மட்டும் நின்றது. செனட் சபை முதலில் இந்த மசோதாவைத் தோற்கடித்தது. பிறகு, இரு சபைகளும் கூடிப் பேசி ஒரு நிதானமான உடன்பாட்டுக்கு வருவதற்கு வழி திறந்திருக்கட்டும் என்ற நம்பிக்கையில், அதே மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. கீழ்ச்சபையோ பேச்சுவார்த்தைக்கு இடம் வைக்காமல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. இறுதியில், பேரம் பேசுவதற்காக மேஜைமேல் வைக்கப்பட்ட ஒரு காகிதம் ஒரு மாநிலத்தின் சட்டமாயிற்று.

இதன் விளைவுகளைப் புரிந்துகொள்வதற்கு, அமெரிக்க மாநிலங்களின் நிதி விவகாரத்தில் உள்ள ஒரு விசேஷத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய சர்க்கார் வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யலாம். பற்றாக்குறையைக் கடன் பத்திரம் விற்று நிரப்பலாம். மாநிலங்களுக்கோ அந்தச் சௌகரியம் கிடையாது. பாலம் கட்ட, கட்டடம் எழுப்பக் கடன் வாங்கலாமே தவிர, அன்றாடச் செலவுக்கு, கான்சாஸ் உள்பட ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் வருஷ முடிவில் வரவும் செலவும் சரிக்கட்டியே தீர வேண்டும். கான்சாஸில் நிதி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிறக்கிறது. வரி வருமானம் எவ்வளவு தேறும் என்ற மதிப்பீட்டை நிபுணர் குழு நவம்பரிலும் ஏப்ரலிலும் திருத்துகிறது. ஏப்ரலில் மதிப்பீடு இறங்கினால், வருஷத்தின் பெரும்பகுதிப் பணம் ஏற்கனவே செலவாகிவிட்டிருக்கும். ஆகையால் ஆண்டுச் செலவில் 4 சதவீதம் வெட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தால், மிச்சமிருக்கும் இரண்டு மூன்று மாதங்களின்மேல் அந்த முழுப் பாரமும் இறங்கும். அதைத் தாங்குகிற உத்தியோகஸ்தர், எது அநாவசியமோ அதை வெட்ட மாட்டார். எதை வெட்ட முடிகிறதோ அதை வெட்டுவார். சட்டசபை விவாதங்களில் இந்த வித்தியாசம் அடிக்கடி மறக்கப்படுகிறது.

2014-ஆம் நிதி ஆண்டில் மாநிலத்தின் பொது வருமானம் முந்திய ஆண்டைவிடச் சுமார் 70 கோடி டாலர், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல், விழுந்தது. வரிவிலக்குப் பெறக்கூடிய தொழில்கள் ஏறக்குறைய 1,91,000 இருக்கும் என்று முதலில் கணக்கிட்டிருந்தார்கள். விலக்குக் கோரியவையோ 3,30,000-க்கு மேல். சம்பளமாகப் பெறவேண்டியதைத் தொழில் லாபமாகப் பெறும்படி ஏற்பாடு செய்துகொள்வது கணக்கர்களுக்குப் பெரிய வித்தை அல்ல. ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் தம் பெரும் ஊதியத்தின் பெரும்பகுதியை இந்த வழியில் பெற்றுவந்த செய்தி வெளியானபோது, வரிவிலக்கின் தத்துவம் புரியாதிருந்தவர்களுக்கும் அதன் பிரயோகம் புரிந்துவிட்டது. இந்தச் சட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், புதிய முதலீட்டையும் புதிய வேலைகளையும்விட, பழைய வருமானத்துக்குப் புதிய பெயர் சூட்டப்பட்டதையே அதிகமாகக் கண்டார்கள்.

கையிருப்பு கரைந்தது. அதற்குப்பின் கத்தி வெளியே வந்தது. பொது நிதியில் பாதியளவு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. எஞ்சியதில் ஏழைகளின் வைத்தியச் செலவும் சிறைச்சாலைகளும் பெரும்பங்கு பெறுகின்றன. இவற்றில் கை வைத்தால் கோர்ட்டு கேட்கும், இல்லையேல் மத்திய சர்க்கார் கேட்கும். உடனே கூக்குரல் எழுப்பாதது எது என்று தேடியபோது, கண்ணில் பட்டது சாலை.

கான்சாஸுக்குச் சாலை என்றால் ஒரு பெருமை உண்டு. அபிலீன் என்ற சிற்றூரில் வளர்ந்த ஐஸன்ஹோவர் ஜனாதிபதியாக இருந்து 1956-இல் கொண்டுவந்த சட்டத்தின்கீழ், முதன்முதலில் போட்டு முடிக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலைத் துண்டு தலைநகரான டொபீகாவுக்கு மேற்கே இருப்பதுதான் என்று கான்சாஸ்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்து மிசூரிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம். 2010-இல் இரு கட்சியாரும் சேர்ந்து, பத்து வருஷத்தில் ஏறக்குறைய 800 கோடி டாலர் செலவில் சாலைகளைப் புதுப்பிப்பது என்று ஒரு பெருந்திட்டம் வகுத்திருந்தார்கள். அதற்கென ஒதுக்கிய நிதியிலிருந்து, பொதுச் செலவுப் பற்றாக்குறையை அடைப்பதற்காக, வருஷா வருஷம் பணம் மாற்றப்பட்டது. 2011-க்குப் பிந்திய சில வருஷங்களில் இப்படி வேறு பக்கம் போன தொகை 200 கோடி டாலருக்கு மேல். ‘நெடுஞ்சாலைத் துறை பேங்க்’ என்று ஜனங்கள் பரிகாசம் செய்யத் தொடங்கினார்கள். பணம் போடுவதற்கு வழியில்லாமல் எடுப்பதற்கு மட்டும் வழியுள்ள விசித்திரமான பேங்க் அது. 2016 நவம்பரில் இரண்டு டஜன் சாலை வேலைகள் ஒரே அறிவிப்பில் ஒத்திவைக்கப்பட்டன.

ஒத்திவைத்தல் சிக்கனம் அல்ல என்பதற்குச் சாலையைப்போல் கண்கூடான சாட்சி வேறு இல்லை. தார்ப்பரப்பில் மெல்லிய வெடிப்பு கண்டவுடன் அடைத்து, மேலே ஜல்லியும் தாரும் கலந்து ஒரு மெல்லிய பூச்சுப் பூசிவிட்டால், அடியிலுள்ள கட்டுமானம் பல வருஷம் நிற்கும். பூசாமல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரியும். வசந்தத்தில் கரையும்போது அடித்தளம் தளரும். அதன்மேல் கோதுமை லாரி ஏறும்போது பள்ளம் விழும். ஒரு ஓடு மாற்றாமல் விட்டவன் பிறகு உத்தரத்தையே மாற்றும் கதைதான். அந்த ஓட்டின் விலை இந்த வருஷத்துப் பட்ஜெட்டில் மிச்சம் என்று எழுதப்படும். உத்தரத்தின் விலையோ வேறொரு கவர்னர் காலத்துப் பட்ஜெட்டில் செலவு என்று எழுதப்படும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டசபைக்கும் இல்லை.

ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலும் இதே கதைதான் நடந்தது. 2015-இல் 100 கோடி டாலர் கடன் பத்திரம் விற்று அந்த நிதியில் போட்டார்கள். மறு வருஷமே, அதற்குச் செலுத்தவேண்டிய ஒரு காலாண்டுத் தவணையான சுமார் 9.7 கோடி டாலரை, 8 சதவீத வட்டியுடன் பின்னால் தருகிறோம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். தரவேண்டிய காலம் வந்தபோது, அதையும் இருபது வருஷத் தவணைகளாகப் பிரித்தார்கள். இந்த மாதிரிக் கணக்கைக் கடன் தரம் மதிப்பிடும் ஸ்தாபனங்கள் கவனியாமல் இருக்குமா? 2014-இல் மூடிஸ், எஸ் அண்டு பி ஆகிய இரண்டும் கான்சாஸின் தரத்தை ஒரு படி இறக்கின. 2016-இல் எஸ் அண்டு பி இன்னொரு படி இறக்கிற்று. கடன் தரம் இறங்கினால் அடுத்த பாலத்துக்கு வாங்கும் கடனுக்கு வட்டி ஏறும்.

ஓசவாடமி என்ற சிறிய ஊரில் மாநிலத்துக்குச் சொந்தமான மனோவியாதி ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. வெட்டின் விசித்திரமான கணிதத்தை அங்கே மிக அருகில் பார்க்கலாம். ஆட்கள் குறைவு, இருப்பவர்களோ ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் மேல்வேலை செய்து களைத்தவர்கள். நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் போதிய பாதுகாப்பு இல்லை என்று கண்ட மத்திய சர்க்கார், 2015 டிசம்பரில் தன் அங்கீகாரத்தை ரத்துச் செய்தது. அங்கீகாரம் போகவே, மத்திய சர்க்காரிடமிருந்து வைத்தியச் செலவுக்காக வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. நஷ்டம் மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர். அங்கீகாரத்தை மீட்பதற்குப் புதிய ஆட்களும் புதிய ஏற்பாடுகளும் வேண்டியிருந்தன. அதன் ஒரு பகுதியை மட்டும் மீட்பதற்கே இரண்டு வருஷம் பிடித்தது. 2016 மே மாதத்து வெட்டில், ஏழைகளுக்குச் சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தரும் தொகையில் 4 சதவீதம் குறைத்தார்கள். அதில் மாநிலம் ஒரு டாலர் மிச்சப்படுத்தினால், மத்திய சர்க்காரிடமிருந்து வரவேண்டிய ஒரு டாலருக்கு மேற்பட்ட தொகையும் கூடவே நிற்கும். கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்று ஆட்டம் கண்டால், அந்த ஊரில் தொழிற்சாலை வைக்க எண்ணியவர் வேறு ஊர் பார்ப்பார் என்பதைச் சொல்லப் பொருளாதார நிபுணர் வேண்டியதில்லை.

பள்ளிக்கூட விவகாரம் பெரியது; ஒரு தனிக் கட்டுரைக்கு உரியது. கல்விக்குத் தக்க நிதி வசதி செய்யவேண்டும் என்று கான்சாஸின் அரசியல் சட்டமே விதிக்கிறது. அந்த வாசகத்தை ஆதாரமாகக் கொண்டு சில பள்ளி மாவட்டங்கள் 2010-இல் தொடுத்த வழக்கு, பிரவுன்பேக்கின் ஆட்சிக்காலம் முழுவதும் நடந்தது. 2017 மார்ச்சில் மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டு, ஒதுக்கீடு போதாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2015 வசந்தத்தில், கான்கார்டியா என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், வருஷ நடுவில் தன் மானியம் குறைக்கப்பட்டதால், கோடை விடுமுறையைச் சில நாள் முன்கூட்டியே விட்டுவிட்டது. சில நாள்தானே என்று தோன்றலாம். ஆனால் குழந்தைகளுடன் குடியேற இடம் தேடும் ஒரு பொறியாளர் குடும்பம், வருமான வரி விகிதத்தைப் பார்க்கும் முன் பள்ளிக்கூடத்தைப் பார்க்கும். பணமில்லாமல் பள்ளியை மூடினார்கள் என்ற செய்தி தேசமெங்கும் பத்திரிகைகளில் வந்த பிறகு, அதை மறக்கச் செய்ய எத்தனை லட்சம் டாலர் விளம்பரம் தேவைப்பட்டிருக்கும்!

செலவை வெட்டியும் போதாதபோது, வரியைக் குறைத்த சட்டசபையே வரியை ஏற்றவும் நேர்ந்தது. வழக்கமாக 90 நாளில் கலையவேண்டிய 2015-ஆம் வருஷத்துக் கூட்டம், மாநிலச் சரித்திரத்தில் அதுவரை காணாத அளவுக்கு நீண்டது. அதன் முடிவில் விற்பனை வரி 6.15 சதவீதத்திலிருந்து 6.5 ஆயிற்று, சிகரெட்டுக்குப் பாக்கெட்டுக்கு 50 சென்ட் ஏறிற்று. கான்சாஸில் அப்போது மளிகைச் சாமானுக்கும் முழு விற்பனை வரி உண்டு; பாலும் ரொட்டியும் முட்டையும் வாங்குகிறவர் டொபீகா சர்க்காருக்கு நூற்றுக்கு ஆறரை டாலர் கொடுத்துவிட்டு, அதற்குமேல் நகரசபைக்கும் தனியே கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஓட்டல் சிப்பந்தி இப்போது சம்பளத்தில் ஒரு தடவையும், மளிகைக் கடையில் ஒரு தடவையும் வரி கட்டினார். முதலாளியின் வரி ரத்து அப்படியே நின்றது. பொருளாதார அபிவிருத்தி என்பது ஊருக்குள் பணம் புரள்வதைப் பொறுத்தது என்றால், கையில் கிடைத்ததை அன்றன்றே செலவு செய்துவிடும் ஏழையின் பையிலிருந்து எடுத்து, சேமித்து வைக்கக்கூடியவரின் பையில் போடுவது விபரீதமான உபாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அபிவிருத்தி என்ற பெயரில் நடந்த இன்னொரு கேலிக்கூத்தையும் சொல்ல வேண்டும். கான்சாஸ் சிட்டி என்ற பெருநகரம் இரண்டு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது; எல்லைக் கோட்டுச் சாலை என்றே பெயருள்ள ஒரு தெருவின் ஒரு சாரி கான்சாஸ், எதிர்ச் சாரி மிசூரி. எதிர்ச் சாரியிலிருந்து கம்பெனிகளைத் தன் பக்கம் இழுக்க இரு மாநிலங்களும் போட்டி போட்டுக்கொண்டு சலுகைகளை வாரி வழங்கின. ஏஎம்சி என்ற சினிமாக் கொட்டகைக் கம்பெனி தன் தலைமை அலுவலகத்தை மிசூரிப் பக்கத்திலிருந்து கான்சாஸின் லீவுட்டுக்கு மாற்ற முடிவு செய்த அதே 2011-இல், ஆப்பிள்பீஸ் என்ற உணவகக் கம்பெனி கான்சாஸிலிருந்து மிசூரிக்குப் போயிற்று. காலையில் அதே வீட்டிலிருந்து புறப்பட்ட அதே குமாஸ்தா, சில மைல் தள்ளியிருந்த வேறு மேஜையில் உட்கார்ந்தார். இரு சர்க்கார்களும் வேலைவாய்ப்பு உண்டாக்கியதாகக் கணக்கெழுதின. 2019-இல்தான் இரண்டு கவர்னர்களும் இந்தப் போட்டியை நிறுத்த உடன்பட்டார்கள்.

நியாயமாகச் சொல்வதானால், பிரவுன்பேக்கின் தரப்பிலும் சில சமாதானங்கள் இருந்தன. 2014-க்குப் பின் எண்ணெய் விலையும் தானிய விலையும் சரிந்தன. இரண்டையும் நம்பியிருந்த கிராமப் பிரதேசங்கள் எந்த வரிச் சட்டம் இருந்திருந்தாலும் கஷ்டப்பட்டிருக்கும். போயிங் கம்பெனி விசிட்டாவை விட்டுப் போகும் முடிவை 2012 ஜனவரியில், புதிய சட்டத்துக்கு முன்பே அறிவித்துவிட்டது. வேலையில்லாதோர் விகிதமும் குறைவாகவே இருந்தது. ஆனால் அதே தானிய விலையைச் சகித்துக்கொண்ட நெப்ராஸ்காவும், வரியை இவ்வளவு குறைக்காத மிசூரியும் வேலை வளர்ச்சியில் கான்சாஸை முந்தின. மாநிலப் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கவர்னரே ஏற்படுத்திய காலாண்டு அறிக்கையை 2016-இல் நிறுத்திவிட்டார்கள்; வெற்றி பெறும் வைத்தியர் ஜுரமானியை ஒளித்து வைப்பதில்லை.

பரிசோதனையை முடித்தவர்கள் எதிர்க்கட்சியார் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 2016 ஆகஸ்டில் நடந்த உட்கட்சித் தேர்தலில், கவர்னரின் ஆதரவாளர்கள் பலரை அவர் கட்சியைச் சேர்ந்த மிதவாதிகளே தோற்கடித்தார்கள். 2017 பிப்ரவரியில் வரிச் சட்டத்தை மாற்றும் மசோதாவைக் கவர்னர் நிராகரித்தபோது, அந்த நிராகரிப்பை முறியடிக்கச் செனட்டில் மூன்று வோட்டுக் குறைந்தது. நான்கு மாதம் கழித்து, ஜூன் 6-ஆம் தேதி இரவு, செனட்டில் 27-க்கு 13, கீழ்ச்சபையில் 88-க்கு 31 என்ற கணக்கில் முறியடித்தார்கள். உச்ச விகிதம் 5.7 சதவீதமாயிற்று, தொழில் லாப விலக்கு ஒழிந்தது, இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 120 கோடி டாலர் வருமானம் திரும்பும் என்று மதிப்பிட்டார்கள். பிரவுன்பேக் மறு வருஷம் ஜனவரி முடிவில் கவர்னர் பதவியை விட்டு, மத சுதந்திரத்துக்கான தேசத் தூதராகப் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த லாரா கெல்லி கவர்னரானார். பள்ளிக்கூட வழக்கில் 2019-இல் கோர்ட்டு திருப்தியடைந்தது. ஒத்திப்போட்ட சாலை வேலைகளை முடிப்பதற்கு 2020-இல், ஐஸன்ஹோவரின் பெயரிலேயே, இன்னொரு பத்து வருஷத் திட்டம் பிறந்தது. மளிகைச் சாமானின்மேல் இருந்த மாநில விற்பனை வரி படிப்படியாக இறங்கி 2025 ஜனவரியில் ஒழிந்தது. கையிருப்புச் சேர்ந்ததும் வருமான வரியைக் குறைக்கும் ஆசையும் திரும்பி வந்தது: 2024-இல் ஒரு தடவை குறைத்தார்கள், 2025-இல், கெல்லியின் நிராகரிப்பை மீறி, விகிதத்தை 4 சதவீதம் வரை இறக்குவதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். ஆனால் இந்தத் தடவை ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள்: குறித்த அளவுக்கு மேல் வருமானம் வந்து, நெருக்கடிக் கால நிதியும் குறித்த மட்டத்துக்கு நிரம்பியிருந்தால்தான் அந்த வருஷத்துக் குறைப்பு நடக்கும்; இல்லையேல் விகிதம் இருந்த இடத்திலேயே நிற்கும்.